போலந்தின் வயல்களும் ஐரோப்பியப் பொதுச் சந்தையும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர அதன் விவசாயத்தில் என்ன மாற வேண்டும்? சுங்கவரியை நீக்கினால் போதாதா?

பதில்: சுங்கவரிதான் இருப்பதிலேயே எளிய வேலை. 2004 மே 1 அன்று சேர்ந்த போலந்தைப் பாருங்கள். ஏறத்தாழ 20 லட்சம் பண்ணைகள், பெரும்பாலும் சிறியவை. கம்யூனிச ஆட்சியிலும் அங்கே நிலம் பெருமளவு தனியார் கையிலேயே இருந்தது. எந்த வயலில் யார் பயிரிடுகிறார், எவ்வளவு பரப்பு என்று வான்படத்தில் துண்டு துண்டாக அடையாளம் கண்டு கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் வில்லை மாட்டி, பிறந்த கொட்டில் முதல் இறைச்சிக்கூடம் வரை பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. மானியம் வழங்க, ஒன்றியத்தின் தணிக்கைக்குத் தாக்குப்பிடிக்கும் தனி முகமையும் தேவைப்பட்டது.

இவற்றைவிடக் கடினம் பாலும் இறைச்சியும். தரத்தை எட்டாத பால் ஆலைகள் சிலவற்றுக்கு 2006 இறுதி வரையும், இறைச்சிக்கூடங்கள் சிலவற்றுக்கு 2007 இறுதி வரையும் அவகாசம் கிடைத்தது. ஆனால் அவற்றின் சரக்கைத் தனி முத்திரையிட்டு உள்நாட்டில் மட்டுமே விற்கலாம். எல்லை திறந்த பிறகும் அந்த ஆலைகளுக்கு மட்டும் பொதுச் சந்தை மூடியே இருந்தது. இணைப்பை மானியத் தொகையால் அளக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். பொதுச் சந்தையைத் திறப்பது கால்நடை ஆய்வாளரின் முத்திரை.

கேள்வி: போலந்து விவசாயிக்கும் பிரெஞ்சு விவசாயிக்கும் ஒரே மானியமா?

பதில்: இல்லை. 2002 டிசம்பரில் கோபன்ஹேகனில் முடிவானபடி, நேரடி மானியம் 2004இல் பழைய உறுப்பு நாடுகளின் அளவில் 25 விழுக்காட்டில் தொடங்கி, 30, 35 என ஏறி, 2013இல்தான் 100ஐத் தொட்டது. போலந்து தன் பங்காகச் சேர்த்து முதலாண்டில் 55 வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள்.

கேள்வி: ஒரே சந்தையில் போட்டி, கால் பங்கு மானியம். இது அப்பட்டமான அநீதி இல்லையா?

பதில்: அநீதிதான் என்பது என் கருத்தும். ஒன்றியம் சொன்ன காரணத்தையும் கேளுங்கள்: 1992இல் தானிய விலையையும் மாட்டிறைச்சி விலையையும் குறைத்தபோது, அந்த இழப்பை ஈடுகட்டவே மேற்கு நாட்டு விவசாயிகளுக்கு நேரடி மானியம் வந்தது. கிழக்கில் அந்த இழப்பு நேரவில்லை, எனவே ஈடு எதற்கு என்றார்கள். 2003 சீர்திருத்தம் மானியத்தை விளைச்சலிலிருந்தே பிரித்துவிட்டது. அதன் பிறகு அந்த வாதத்துக்குக் கால் இல்லை. உண்மையில் தடுத்தது செலவு பற்றிய அச்சம்.

கேள்வி: அப்படியானால் போலந்து விவசாயிகளின் தலைவர் லெப்பர் சொன்னதுதானே நடந்தது? சிறு விவசாயி அழிந்தான். 20 லட்சம் பண்ணைகள் 2020இல் 13 லட்சம்!

பதில்: ஆந்திரே லெப்பர் சாலைகளை மறித்துப் போராடியவர், பின்னர் 2006இல் அவரே வேளாண் அமைச்சரானார். உங்கள் எண்ணிக்கை சரி, முடிவுதான் தவறு. 2005க்கும் 2020க்கும் இடையில் ஒன்றியம் முழுவதுமே பண்ணைகள் 37 விழுக்காடு குறைந்தன. போலந்து மட்டும் தனியாகச் சரியவில்லை. பட்டியலிலிருந்து போன பண்ணைகளில் பல, வாரிசு நகரத்து வேலைக்குப் போனதால் பக்கத்து விவசாயியிடம் சேர்ந்தவை.

கேள்வி (அதே வாசகர்): வாரிசு ஏன் போனார்? வருமானம் இல்லாமல்தானே?

பதில்: பல வீடுகளில் ஆம், மறுக்கமாட்டேன். 2004ஐ ஒட்டி உழைப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் விவசாயத்தில் இருந்தார். நாட்டின் உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ ஏறத்தாழ 3 விழுக்காடு. ஒன்றியத்துக்கு வெளியே நின்றிருந்தாலும் அந்த மண்ணால் அத்தனை பேருக்கும் நல்ல வருமானம் தந்திருக்க முடியாது. இணைப்பின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: பரப்புக்கு ஏற்ற மானியம், அதிக நிலம் உள்ளவருக்கே அதிகம் போகும். அதை எதிர்த்து நீங்கள் வாதிட்டால் நானும் உங்களுடன் நிற்பேன்.

கேள்வி: வெளிநாட்டவர் நிலத்தை வாங்கிவிடவில்லையா?

பதில்: 2016 மே வரை 12 ஆண்டுகள் கட்டுப்பாடு இருந்தது.

கேள்வி: இலங்கைத் தேயிலைக்கு ஐரோப்பாவில் வரி எவ்வளவு?

பதில்: என் துறை அல்ல. ஏற்றுமதி ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: உக்ரைன் சேர்ந்தால் அதற்கு எவ்வளவு மானியம் கிடைக்கும்?

பதில்: இதே கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. தொகையைப் பேச்சுவார்த்தைதான் முடிவு செய்யும். உக்ரைனின் விவசாய நிலம் ஏறத்தாழ 4 கோடி ஹெக்டேர். எந்த உறுப்பு நாட்டிலும் அவ்வளவு இல்லை. இன்றைய பரப்புக் கணக்கை அப்படியே நீட்டிப் போடுவது வீண். 2004இல் செய்ததுபோலப் படிப்படியாகக் கொடுப்பார்கள், அல்லது விதியையே மாற்றுவார்கள். மறுபடியும் சொல்கிறேன், மானியத்தை விட்டுவிட்டுச் சந்தையைப் பாருங்கள். 2022இல் உக்ரைன் தானியத்துக்கு வரி நீங்கியது. 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா இறக்குமதிக்குத் தடை போட்டன. உறுப்பினராகும் முன்பே தகராறு வந்தது மானியத்தால் அல்ல, அண்டை நாட்டுச் சந்தையில் விழுந்த விலையால்.

கேள்வி: உக்ரைனுக்கு மானியம் எவ்வளவு என்று தோராயமாகவாவது சொல்லுங்களேன்.

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.