மின்வண்டி (மின்சார வாகன) ஆய்வில் பிஎச்டி: டர்பன் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): நான்கு ஆண்டு மெக்கானிக்கல் முடித்துவிட்டேன். நேரே பிஎச்டியில் சேரலாமா, அக்கா?

பதில்: பொதுவாக முடியாது, தம்பி. தென்னாப்பிரிக்கக் கல்வித் தகுதி வரிசையில் (NQF) உங்கள் பட்டம் 8ஆம் நிலை, முதுநிலை 9, முனைவர் 10. முதுநிலைக்கு 180 கிரெடிட், முனைவருக்கு 360. முதுநிலை ஆய்வு நன்றாகப் போனால் அதையே முனைவர் ஆய்வாக உயர்த்தும் வழி சில பல்கலைக்கழகங்களில் உண்டு. சேருமுன் அதன் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

கேள்வி (பீனிக்ஸ்): பிரிட்டனில் இருக்கும் முனைவர் பயிற்சி மையங்களும் சாதாரண பிஎச்டியும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. மையத்தில் மாணவர்களை ஒரு தொகுதியாகச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் 4 ஆண்டு, தொடக்கத்தில் பாடங்களும் உண்டு. அரசு நிதியில் வெளிநாட்டாருக்கான இடம் 30 சதவீதத்துக்குள்தான், அதனால் போட்டி கடுமை. ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளையும் பாருங்கள். எந்த நாட்டவரும் சேரலாம், சம்பளத்தோடு வேலை ஒப்பந்தம் கிடைக்கும். ஆனால் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. மொழிப் படிப்புக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டு இந்த விதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (டோங்காட்): ‘நெடுஞ்சாலையில் மின்வண்டிகள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குறை?

பதில்: அதில் அளக்க எதுவுமில்லை. N3 சாலையையே எடுங்கள். அதில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போக ஏறக்குறைய 1,700 மீட்டர் மேலே ஏற வேண்டும். 2,000 கிலோ வண்டியை அவ்வளவு மேலே ஏற்ற மட்டும் 2,000 × 9.81 × 1,700 = 33.4 மெகாஜூல், அதாவது சுமார் 9.3 கிலோவாட் மணி. காற்றுத்தடை, டயர் உருளல் எல்லாம் இதற்கு மேல். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று வண்டி வாங்குபவர் பார்க்கும் கணக்கு WLTP என்ற ஆய்வகச் சோதனையிலிருந்து வருகிறது: 1,800 விநாடி, சுமார் 23 கி.மீ., மேடு பள்ளமே கிடையாது. ஏறச் செலவான ஆற்றல் முழுவதும் இறங்கும்போது திரும்பி வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். க்ளூஃபில் 100% சார்ஜ் போட்டு உடனே M13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கினால் பேட்டரியில் இடமில்லை, மீள்சக்தி பிரேக் (வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி பேட்டரியில் ஏற்றுவது) தன்னை அடக்கிக்கொள்ளும். ‘இறக்கத்துக்கு முன் எவ்வளவு சார்ஜோடு நிறுத்த வேண்டும்?’ என்று கேளுங்கள். அது ஆய்வுக் கேள்வி.

கேள்வி (வெருலம்): மினிபஸ் டாக்ஸிகளில் ஜிபிஎஸ் பொருத்தித் தரவு எடுக்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் விநாடிக்கு ஒரு பதிவு வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் இடையில் நின்று கிளம்பியதெல்லாம் மறைந்துபோகும், அதில் செலவான ஆற்றலும் கணக்கில் வராது. ஓட்டுநரின் நடமாட்டம் பாப்பியா (POPIA) என்ற தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தனிமனிதத் தகவல். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஓட்டுநரின் சம்மதக் கையெழுத்தும் முதலில், கருவி பிறகு. எடுத்து முடித்த தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 21700 செல்லின் (21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. உயர லித்தியம் பேட்டரி செல்) உள்தடை (செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை) ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. செல் கெட்டதா?

பதில்: செல்லை விடுங்கள், கம்பி செல்லைத் தொடும் பிடிப்பைப் பாருங்கள். செல் 20 மில்லிஓம், தொடுமுனை 3 மில்லிஓம் என்றாலே 15% பிழை. நான்கு கம்பி இணைப்பு வேண்டும்: மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தம் அளக்கத் தனியாக இரண்டு. காந்த முனைக்குப் பதில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்ட் செய்யுங்கள். சால்டர் இரும்பை நேரே செல்லில் வைத்தால் சூடே அதைக் கெடுத்துவிடும். 25 டிகிரி வெப்ப அறையில் (சூட்டை மாறாமல் வைக்கும் பெட்டி) வைத்து, சார்ஜ் நிலையை மாற்றியபின் ஒரு மணி நேரம் ஓய்வு விட்டு, 10 விநாடி மின்னோட்டத் துடிப்பு கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே 10 விநாடி. 2 விநாடியில் எடுத்ததையும் 30 விநாடியில் எடுத்ததையும் ஒப்பிட்டால் வேறாகத்தான் வரும்.

கேள்வி (அதே நண்பர்): நடுவில் கரண்ட் போனால்?

பதில்: சோதனைக் கருவி, கணினி, வெப்ப அறை மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். பலர் கணினிக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வெப்ப அறை நின்றால் செல்லின் சூடு மாறும், அந்தச் சுற்றையே தள்ள வேண்டியதுதான். எது எப்போது நின்றது என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள், தேர்வாளர் கேட்பார்.