நோய் என்று எதுவும் இல்லை, ஆனாலும் மனம் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. தினமும் மனதைப் பலமாக வைத்திருக்க என்ன செய்யலாம்?

தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு வேலை தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலக் கொழும்பிலிருந்து திரும்பி வந்தவராக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் ஏழு வருஷம் நின்றேன். 2022இல் பெட்ரோல் வரிசை, காஸ் வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வியாபாரம் படுத்துவிட்டது, பாதிப் பேரை நிறுத்தினார்கள். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்துக்கே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கே, வந்து சேர்ந்தேன். ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), அதில் ஐந்து பேர். பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தேன், இரவெல்லாம் போனைப் பார்த்தேன். காய்ச்சலா, வலியா, ஒன்றும் இல்லை. ஆனால் தங்கச்சி கதவைச் சத்தமாகச் சாத்தினாலே கண் கலங்கிவிடும்.

என்னை எழுப்பியது அப்பாயிதான், அப்பாவின் அம்மா. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டுதான் மலைக்குப் போவார். ஒரு நாள் விடியற்காலையில் போர்வையை உருவிவிட்டு, "அட்ட கடிச்ச பொறகு உப்பு தேடி என்னடா செய்ய? பெரட்டுக்குப் போறதுக்கு முன்னமே சோப்பு போட்டுக்கணும். எந்திரி, பீலிக்குப் போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம், பீலி என்றால் தண்ணீர் பிடிக்கும் இடம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். மனம் விழுந்த பிறகு தூக்கி நிறுத்துவது கஷ்டம். விழுவதற்கு முன்பே, நன்றாக இருக்கும் நாளிலும், கொஞ்சம் வேலை செய்து வைக்க வேண்டும்.

நான் செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து பீலிக்குப் போனேன். தண்ணீரோடு மேட்டில் ஏறி வரும்போது வெளிச்சம் வந்துவிடும். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் போட்டேன். ஒன்பது மணிக்குப் பிறகு போன் அப்பாயியின் தலையணைக்கு அடியில். மாலையில் கூட்டாளி ஒருவனோடு மேல் டிவிசன் வரை நடை. முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் எனக்குப் பசித்தது. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், நானே போய்க் கேட்டேன்.

பிறகு கிளினிக்கில் ஒரு தாதி விளக்கிய போதுதான் காரணம் புரிந்தது. ஒரே நேரத்தில் எழுவதும் காலை வெளிச்சமும் சேர்ந்து உடம்பின் நேரக்கணக்கைச் சரிசெய்கின்றன, இரவுத் தூக்கம் தன்னால் வருகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்கும் வேலை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம். படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுக்கச் சொன்னார். அது எனக்கு இன்றும் உதவுகிறது.

"சம்பளத்தைக் கூட்டாமல் மனதைப் பலப்படுத்தச் சொல்கிறாயா?" என்று சிலர் கோபப்படலாம். அப்படிச் சொல்லவில்லை. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை காத்திருந்த வீட்டுப் பிள்ளைதான் நானும். சம்பளத்துக்குப் போராடவும் மனதில் தெம்பு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நான் வைத்தியரும் இல்லை, எனக்குச் சரிவந்ததை எழுதுகிறேன்.

கிளினிக் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூக்கம் முழுதாகத் திரும்பாததால் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அந்தத் தாதி இல்லை. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வரும் சிங்களம் துணி விற்கப் போதும், மனதைச் சொல்லப் போதாது. சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்தார்கள். அவர் எங்கள் தோட்டத்துக்காரர். சாயந்தரம் கடைத்தெருவில் ஒருவன் என்னைப் பார்த்து "அங்கொட கேஸ்" என்றான், பைத்தியம் என்ற கேலி அது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு நோயாளி தன் அழுகையை அடுத்த லயத்துக்காரர் வாயால் சொல்ல வேண்டுமா? இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அடுத்த தவணையில் அந்தத் தாதியே பக்கத்தில் இருந்து பேசினார், அதனால்தான் தொடர்ந்து போனேன்.

ஒன்று மட்டும் குறித்து வையுங்கள். திட்டுவதற்குச் சொல்லும் அதே "அங்கொட"தான் இன்றைய தேசிய மனநல நிறுவகம். 24 மணி நேரமும் 1926 என்ற இலக்கத்தில் அவர்களோடு பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை என்றாலும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், நடையும் போஞ்சியும் போதாது, உடனே பேசுங்கள்.

அப்படி இல்லை என்றால் நாளைக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். ஐந்தரைக்கு எழுந்து வாசலுக்கு வாருங்கள். பனியாக இருக்கும், கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.