இரண்டு வாரத்தில் தரநிலை எழுதலாமா?

கேள்வி: ஐயா, ஜூரோங் தீவில் ஒரு ரசாயன ஆலையின் பொறியியல் பிரிவில் வேலை செய்கிறேன். பம்ப், வால்வு விவரங்களை எல்லா வெண்டர்களும் ஒரே வடிவில் கொடுப்பதற்காக ஒரு தரவுத் தரநிலை எழுதிக்கொண்டிருக்கிறோம். அஜைல் முறையில், அதாவது சிறுசிறு பகுதியாகச் செய்து சோதித்துத் திருத்தும் முறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை) என்கிறார் மேலாளர். அடிக்கடி மாறினால் அது என்ன தரநிலை என்று வெண்டர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், பூன் லே

பதில்: நான் மேலாளர் பக்கம். ஆனால் ஸ்பிரிண்ட் முடியும்போது உங்கள் கையில் இருப்பது திருத்திய வேர்ட் கோப்பு மட்டும்தான் என்றால், வெண்டர்களின் கோபம் நியாயமே.

பக்கம் பக்கமான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளே மேல் என்றது 2001இல் வந்த அஜைல் அறிக்கை. தரநிலை எப்போது 'ஓடுகிறது'? ஒரு வெண்டர் அதைப் படித்துக் கோப்பு அனுப்புகிறார். உங்கள் ஆள் யாருக்கும் போன் போடாமல் அதைக் கணினியில் ஏற்றிவிடுகிறார். அது நடக்கும்வரை ஸ்பிரிண்ட் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பும், தனித்தனியாக எழுதிய இரண்டு மென்பொருள்களாவது ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் முழுத் தரநிலை என்று ஏற்கிறது.

முதல் ஸ்பிரிண்டில் மையவிலக்கு பம்ப் மட்டும் போதும். ஆலை ஒப்படைப்பு வேலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். 'வடிவமைப்பு அழுத்தம்' என்ற ஒரே கட்டத்தில் ஒருவர் 10 பார் என்று எழுதுவார். இன்னொருவர் 10 பார்ஜி (காற்றழுத்தத்தைச் சேர்க்காத அளவு). மூன்றாமவர் 1000 கிலோபாஸ்கல். முதலாமவர் காற்றழுத்தத்தையும் சேர்த்தாரா, இல்லையா? அதிலேயே ஏறக்குறைய 1 பார் வித்தியாசம் வந்துவிடும். வெற்றுக் கட்டம் இன்னும் மோசம். தெரியாததா, பொருந்தாததா, எழுத மறந்ததா? மாதக்கணக்கில் கூட்டம் போட்டாலும் இதெல்லாம் வெளியே வராது. நிஜமான டேட்டா ஷீட் மூன்றை ஏற்றிப் பாருங்கள், ஒரே மதியத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் அவசரமே கூடாது. ஒரு விவரத்துக்கென்று தரநிலையில் வெளியிட்டுவிட்ட குறியீட்டின் பொருளை மாற்றவே மாற்றாதீர்கள். மென்பொருள் பிழையை நாளைக்கே திருத்தலாம். 30 ஆண்டு ஓடப்போகிற ஆலையின் பதிவேட்டில் ஏறிவிட்ட குறியீட்டைத் திரும்ப வாங்க முடியாது. பொருள் மாறினால் புதுக் குறியீடு கொடுங்கள். பழையது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்ற அடையாளத்தோடு பட்டியலிலேயே இருக்கட்டும். ஸ்பிரிண்ட் வரைவுகள் முன்வந்து உதவும் இரண்டு மூன்று வெண்டர்களுக்கு மட்டும் போகட்டும்; மற்றவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பதிப்பு போதும்.

நம் சிங்கப்பூரிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. முழுத் தரநிலைக்கு முன்னால் 'டெக்னிக்கல் ரெஃபரன்ஸ்' என்று தற்காலிகமாக வெளியிட்டு, புழக்கத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான டிஆர் 68 அப்படி 2019இல் வந்து, 2021இல் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதியே வாகனத் தரவின் வகைகளையும் வடிவங்களையும் பற்றியதுதான். வெண்டர்களிடம் அதைக் காட்டிப் பேசுங்கள்.

அதோடு, எழுத உட்காரும் முன் சிஃபிஹோஸ் (CFIHOS) என்ற தரநிலையைப் புரட்டிப் பாருங்கள். ஆலையைக் கட்டியவர் நடத்துபவரிடம் தகவலை ஒப்படைப்பதற்கென்றே உருவானது அது. பம்ப்புக்கு என்னென்ன பண்புகள் வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. அதிலிருந்து வேண்டாததை வெட்டிக்கொண்டு தொடங்கினால், முதல் ஸ்பிரிண்டில் பாதி வேலை மிச்சம்.