2004 யூரோ: இத்தாலி ஆறு கோல் அடித்திருந்தாலும் தப்பியிருக்காது

வணக்கம் நண்பரே. 2004 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி) குழு ஆட்டத்தில் பல்கேரியாவை இத்தாலி 6-1 என வென்றிருந்தால் காலிறுதிக்குச் சென்றிருக்கும் என்று உங்கள் வினாடி வினாவில் எழுதியதைத் தவறு என்று ஒருவர் மறுத்ததாகக் கேட்டிருந்தீர்கள். மறுத்தவர் சொன்னதே சரி.

2022 உலகக் கோப்பையில் புள்ளிகள் சமமானபோது மொத்த கோல் வித்தியாசமே முதலில் பார்க்கப்பட்டது. உங்கள் கணக்கும் அந்த முறையிலேயே அமைந்திருக்கிறது. ஆனால் 2004 யூரோவில், சமநிலையில் உள்ள அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களே முதலில் கணக்கிடப்பட்டன. ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி மூன்றும் பல்கேரியாவை வீழ்த்தி, தங்களுக்குள் மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து, தலா 5 புள்ளிகள் பெற்றன. இத்தாலி-டென்மார்க் 0-0, இத்தாலி-ஸ்வீடன் 1-1, டென்மார்க்-ஸ்வீடன் 2-2 என்பதால், அந்த ஆட்டங்களில் புள்ளிகளும் கோல் வித்தியாசமும் சமம்; அடித்த கோல்களோ ஸ்வீடனுக்கு 3, டென்மார்க்குக்கு 2, இத்தாலிக்கு 1 மட்டுமே. குழுவில் முதல் இரண்டு அணிகளே காலிறுதிக்குச் செல்லும் என்பதால் இத்தாலி வெளியேறியது.

டென்மார்க்-ஸ்வீடன் ஆட்டம் 1-1 என முடிந்திருந்தால் மட்டுமே பல்கேரியாவுக்கு எதிரான கோல்கள் இத்தாலிக்கு உதவியிருக்கும். அப்போது மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றாலே போதும். ஆனால் போர்ட்டோவில் நடந்த அந்த ஆட்டத்தின் 89ஆவது நிமிடத்தில் ஸ்வீடனின் மத்தியாஸ் யோன்சன் அடித்து 2-2 ஆக்கிய கோல் அந்த வழியையும் அடைத்துவிட்டது. கிமராயிஸில் பல்கேரியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெற்றி கோலை அடித்துக் கைகளை உயர்த்தி ஓடிய இத்தாலி வீரர் கசானோவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வியை நீக்க வேண்டாம். விடையை மட்டும் திருத்துங்கள்.