மனம் ஓடினால் தியானம் வரவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் யூடியூபில் வீடியோ போட்டுக்கொண்டு 20 நிமிடம் தியானம் செய்து பார்க்கிறேன். கண்ணை மூடியதும்தான் இல்லாத நினைப்பெல்லாம் வருகிறது. பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. சில நாள் அப்படியே தூங்கிவிடுகிறேன். புருவ மத்தியில் கவனம் வைத்தால் தலை வலிக்கிறது. எனக்குத் தியானம் வராதா?

பதில்: வரும். இரண்டு மாதம் விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். உட்காரும் விதத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தால் போதும். அதைவிட முக்கியமாக, எதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும்.

கண்ணை மூடியதும் அந்த நினைப்பெல்லாம் புதிதாக வரவில்லை. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததுதான். ஃபேன் சத்தம் பகலில் நம் காதில் விழுவதில்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு கேட்கிறது. அதே கதைதான். 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள், 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது கேட்டார்கள்: ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா?’ கிடைத்த பதில்களில் ஏறக்குறைய 47 சதவீதம், ‘மனம் வேறெங்கோ இருக்கிறது’ என்பதுதான். சும்மா இருக்கும்போது மூளையும் சும்மா இருப்பதில்லை. நடந்ததையும் நடக்கப்போவதையும் புரட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் அப்போதுதான் சுறுசுறுப்பாகின்றன. எனவே உங்கள் மனம் ஓடுவது, எல்லோருடைய மனமும் ஓடுவதுபோலத்தான்.

அப்படியானால் தியானத்தில் பழகுவது எதை? ‘அடடா, எங்கேயோ போய்விட்டேனே’ என்று ஒரு நொடி தெரிகிறதே, அதைத்தான். நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் சட்டென்று புரியும். கணக்கு உதைக்கிறது என்று கண்ணில் பட்ட நொடிதான் நல்ல கணக்கருக்கு வேலை ஆரம்பிக்கும் நொடி. உதைப்பது தெரியாமல் பக்கம் புரட்டுவதுதான் ஆபத்து. ஏழு நிமிடத்தில் மனம் முப்பது முறை ஓடி, முப்பது முறையும் கண்டுபிடித்துத் திரும்ப வந்தீர்கள் என்றால் முப்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். திரும்பி வரும்போது ‘சே, மறுபடியும்’ என்று அலுத்துக்கொள்ளாமல் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த அலுப்பும் ஒரு நினைப்புதானே.

சரி, நாளைக் காலையிலிருந்து செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் அந்த வீடியோவை நிறுத்துங்கள். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் கவனம் அவர் குரலின் பின்னால் போகும், அந்தக் குரல் நின்றதும் திண்டாடும். போனில் ஏழு நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். 20 நிமிடம் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது கால். வெறும் தரையில் சம்மணம் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். முதுகு தானாகக் கூன்போடும், உடலின் பாரம் தொடையின் பின்பக்கம் இறங்கி நரம்பை அழுத்தும். கால் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இந்த அழுத்தம்தான் காரணம். ஒரு கனமான போர்வையை நாலு அங்குல உயரத்துக்கு மடித்து, அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். போர்வை பிட்டத்துக்குக் கீழே மட்டும் இருக்கட்டும். கால்கள் தரையில் சரியட்டும். உட்காரும் மணைப்பலகை வீட்டில் இருந்தால் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாலும் சரிதான். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முதுகு நாற்காலியில் சாயாமல் இருக்க வேண்டும். பத்மாசனம் போட்டால்தான் தியானம் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுவில் மரத்துப்போனால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது மூச்சு. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில், மேலுதட்டுக்கு மேலே, காற்று உரசுவது தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாகவும் வெளியே வருவது சற்றுக் கதகதப்பாகவும் இருக்கும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது பிராணாயாமம், வேறு பயிற்சி. அதுவாக வந்து போகட்டும். வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிப் பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

எண்ணுவதில் ஒரு வசதி உண்டு. என்னிடம் தியானம் பழக வந்த ஓர் அம்மா முதல் நாள் முடித்துவிட்டு, “நான் இருபத்தி மூன்று வரை போயிட்டேங்க, பத்தோட நிறுத்தவே இல்லை” என்று முகம் வாடிச் சொன்னார். வாய் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது, மனம் மகளின் ஹாஸ்டல் ஃபீஸுக்குப் போய்விட்டது. அந்த இருபத்தி மூன்று இல்லையென்றால் தான் போனதே அவருக்குத் தெரிந்திருக்காது. எண் தவறினால் சத்தம் போடாமல் ஒன்றுக்கு வந்துவிடுங்கள்.

இது ஏதோ ஆரம்பப் பள்ளிப் பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.என். கோயங்கா பரப்பிய விபாசனா என்ற தியான முறையின் முகாம்களில், எண்ணிக்கைகூட இல்லாமல், பத்து நாளில் முதல் மூன்றரை நாள் மூக்கருகே மூச்சைக் கவனிப்பதைத்தான் செய்ய வைக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் அவர்களுடைய மையம் இருக்கிறது. ஆனால் எடுத்ததுமே பத்து நாள் மௌன முகாமுக்குப் போக நான் சொல்லமாட்டேன். வீட்டில் சில மாதம் உட்கார்ந்து பழகியபின் போனால் உடம்பும் மனமும் தாங்கும்.

புருவ மத்தியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே கவனம் வைப்பதாக நினைத்து, மூடிய இமைக்குள் கண்ணை மேலே இழுத்துப் பிடித்திருப்பீர்கள்; நெற்றித் தசையும் இறுகியிருக்கும். பெரும்பாலும் வலி அதனால்தான். கண்ணாடி அணியும் வயது வேறு. தியானம் இல்லாத நேரத்திலும் தலை வலித்தால் கண் டாக்டரை ஒருமுறை பாருங்கள். புருவ மத்தி முறை தவறென்று நான் சொல்லவில்லை. வேதாத்திரி மகரிஷியின் முறையில் அதை ஆக்கினைத் தவம் என்பார்கள்; ஆசிரியர் நேரில் தீட்சை கொடுத்துத் தொடங்கிவைப்பார், கூடவே கவனத்தைக் கீழே மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவமும் சொல்லித்தருவார்கள். அது வேண்டுமானால் அப்படி நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துச் செய்ய வேண்டியதல்ல அது.

தூக்கத்துக்கு என் முதல் கேள்வி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதுதான். ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் உடம்பு கேட்பது தூக்கத்தை. அதைக் கொடுத்துவிடுங்கள். நன்றாகத் தூங்கியும் கண் சொருகினால் முகம் கழுவி, கண்ணைப் பாதி திறந்து, நாலடி தள்ளித் தரையைப் பார்த்தபடி செய்யுங்கள். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் தப்பில்லை. அதற்கும் அடங்காத நாளில் மொட்டைமாடியில் பதினைந்தடி தூரம் மெதுவாகப் போய்த் திரும்பி, குதிகால் படுவதையும் விரல் எழும்புவதையும் கவனித்து நடங்கள். அதுவும் தியானம்தான்.

ஒரு எச்சரிக்கை. உட்காரும்போது நெஞ்சு படபடத்தாலோ, பழைய கொடுமையான சம்பவம் கண்முன் வந்து ஆட்டிவைத்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் எழுந்துவிடுங்கள். திரும்பத் திரும்ப நேர்ந்தால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்கெனவே மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தியானம் செய்கிறோமே என்று பிரஷர் மாத்திரையையோ வேறு எந்த மாத்திரையையோ நீங்களாக நிறுத்தக்கூடாது.

பலன் எப்போது தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். உட்கார்ந்திருக்கும் அந்த ஏழு நிமிடத்தில் தேடாதீர்கள், அது பல நாள் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். ஆபீசில் யாரோ பில்லைத் தப்பாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது, திட்டுவதற்கு முன்னால் தாடை இறுகுவது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்த பலருக்கு முதலில் தட்டுப்பட்டது அதுதான். மூன்று வாரம் ஏழு நிமிடத்திலேயே இருங்கள், அப்புறம் பத்து. உட்கார்ந்த நாளில் சமையலறை காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நன்றாக இருந்ததா இல்லையா என்று எழுத வேண்டாம், புள்ளி மட்டும் போதும்.