அப்பா குரல் இருக்கும் கேசட்டை யாரை நம்பிக் கொடுப்பது? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய இசைத்தட்டு, கேசட் பற்றியவை. வீடு மாற்றும்போதும் பெரியவர்கள் மறைந்த பிறகும் பரணிலிருந்து இறங்கிய பெட்டிகள்தான் எல்லாம். அதனால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பீரோ நிறைய சினிமாப் பாட்டு கேசட். எல்லாம் கடையில் வாங்கியவை. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமா?
– கே.வி., ஈரோடு

வேண்டாம். கம்பெனி வெளியிட்ட பாட்டு பெரும்பாலும் வேறு எங்காவது இதைவிட நல்ல தரத்தில் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்த கேசட் ஒன்றாவது அந்தக் குவியலில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள், செலவை அதற்குச் செய்யுங்கள்.

என் அப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். கோயில் கொடைகளில் அவர் பாடியதை மாமா பதிவு செய்து வைத்திருந்தார். 11 கேசட். ஒரு ஸ்டுடியோவில் மாற்றக் கொடுத்தேன். 9தான் திரும்பி வந்தது. கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்: ‘தொலைந்தால் காலி கேசட் தரப்படும்.’
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு எதையும் எடுக்க மனம் வரவில்லை. நீங்கள் ரசீது வாங்கியிருக்கிறீர்கள், எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

முதல் வேலையை இன்றே செய்யுங்கள். கேசட்டிலிருந்து இறக்கிய முழுப் பதிவுகள் அந்த ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கக்கூடும். வெட்டாத, திருத்தாத கோப்புகளாக அத்தனையையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். தொலைந்த இரண்டும் தொலைவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஏறியிருந்தால், நாடா போனாலும் அப்பாவின் குரல் கிடைத்துவிடும். இது கைக்கு வரும்வரை குரலை உயர்த்தாதீர்கள். கோபத்தில் யாராவது அழித்துவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பும் அதைத் திருப்பித் தராது.

அடுத்து எழுத்தில் கேளுங்கள். கொடுத்த தேதி, 11 கேசட்டின் மேல் எழுதியிருந்த விவரம், திரும்பி வந்தவை, வராதவை, பதில் சொல்ல 15 நாள் அவகாசம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதிலும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேளுங்கள். ரசீதின் பின்பக்க வரியைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். பொருளைத் தொலைத்தது சேவைக் குறைபாடு. கையெழுத்துப் போட்டு நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு பொடி எழுத்து வரி, அந்தக் குறைபாட்டைத் தானாகத் துடைத்துவிடாது.

வாக்மேன் மாதிரி ஒரு கருவி 1,800 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. கேசட்டைப் போட்டு யுஎஸ்பியில் செருகினால் எம்பி3 ஆகிவிடுமாம். வாங்கலாமா?
– ஆர்.டி., தாம்பரம்

வாங்காதீர்கள். அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதில் பாட்டு அரைக்கட்டை ஏறி ஒலித்தது. நீண்ட ஸ்வரங்களில் குரல் தள்ளாடியது. விற்றவர் “பழைய கேசட் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார். அதே கேசட் நண்பர் வீட்டு கேசட் டெக்கில் சுருதி பிசகாமல் ஓடியது. பணம் திரும்பி வரவில்லை.

காரணம் எளிது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில், கொஞ்சமும் கூடாமல் குறையாமல் ஓட வேண்டும். அதற்கு நல்ல மோட்டாரும் கனமான சுழல்சக்கரமும் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டும் கிடையாது. பழைய டெக் ஒன்றைத் தேடி, பெல்ட் மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, அதன் லைன் அவுட்டிலிருந்து லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்டு கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகாதீர்கள். சத்தம் பிளந்துவிடும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பதிவாகும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். அளவு முள் சிவப்பைத் தொடாமல், உச்சத்துக்கு 6 டெசிபல் இடம்விட்டுப் பதியுங்கள்.

பழைய டெக் வாங்கப் போகும்போது உங்கள் கேசட் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். முழுப் பக்கமும் ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள். எந்த மெஷினில் போடுவதானாலும், அதற்கு முன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்காது. கை தவறிப் பழைய குரலின் மேல் புதுச் சத்தத்தைப் பதிந்துவிட்டு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகள் 40 இருக்கின்றன. தண்டபாணி தேசிகர், கே.பி.சுந்தராம்பாள் எல்லாம். சூட்கேஸ் மாதிரி மடிக்கும் பிளேயர் வாங்கினேன். 33, 45, 78 மூன்றும் ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இரைச்சல்தான் கேட்கிறது. தட்டு போய்விட்டதா?
– எம்.எஸ்., மயிலாடுதுறை

தட்டு நன்றாகவே இருக்கலாம். முள்தான் தவறு. 78 தட்டின் வரித்தடம் அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரான் நுனியுள்ள முள் வேண்டும். 33 சுற்றில் ஓடும் எல்பி தட்டுக்கு 25 மைக்ரானும் அதற்குக் குறைவும். எல்பி முள்ளை 78இல் வைத்தால் அது தடத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கையும் தேய்மானத்தையும் வாசிக்கிறது. மூன்று வேகத்தில் மோட்டார் சுற்றுகிறது என்பது மட்டும்தான் அந்த அட்டையில் உள்ள உண்மை. இதுபோன்ற பிளேயர்கள் பலவற்றில் முள்ளின் அழுத்தம் 5 கிராம் வரை போகும். நல்ல டர்ன்டேபிளில் எல்பிக்கு 2 கிராம் சுற்றுவட்டாரம்தான். வீட்டில் நல்ல எல்பி இருந்தால் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டக்கூடிய டர்ன்டேபிளாகப் பாருங்கள். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 78 முள் தனியாகக் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதனால் அதைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் வேலை நடக்காது.

இன்னொன்று. இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும். கை கழுவும் சானிடைசரும் ஆல்கஹால்தான். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு, மிருதுவான பிரஷ், நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் துடைத்து உடனே உலர்த்துவது, அவ்வளவு போதும். லேபிளில் ஓடியன் அல்லது யங் இந்தியா என்று இருந்தால் முதலில் இணையத்தில் தேடிப் பாருங்கள். இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் கீழ் அந்த லேபிள்களின் தட்டுகளை ஏற்கெனவே டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள்.

கடைக்காரர் இரண்டு விலை சொல்கிறார். சும்மா மாற்றினால் கேசட்டுக்கு 150 ரூபாய். இரைச்சல் நீக்கி ‘ரீமாஸ்டர்’ செய்தால் 400. எது நல்லது?
– ஜே.எம்., திருச்சி

150 ரூபாய் வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். ஏனென்றால் பணம் கொடுத்தே குடும்பங்கள் தங்கள் பதிவுகளைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இரைச்சல் நீக்குவது என்றால் என்ன செய்கிறார்கள்? யாரும் பேசாத ஒரு நொடியிலிருந்து ‘ஸ்ஸ்’ சத்தத்தை மாதிரி எடுத்து, அந்த அலைவரிசைகளையெல்லாம் பதிவு முழுவதும் குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதே அலைவரிசைகளில்தான் ‘ச’வும் ‘ஷ’வும் இருக்கின்றன. மூச்சு இழுப்பதும், ஜால்ராவும், தம்புராவின் ரீங்காரமும் அங்கேதான் இருக்கின்றன. இரைச்சலோடு அவையும் போகும். அவசரமாக இரைச்சல் நீக்கிய பதிவைக் கேட்டுப் பாருங்கள்: பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதைப் போலிருக்கும். இரைச்சலை இன்றும் நீக்கலாம், பத்து வருடம் கழித்து வரும் நல்ல மென்பொருளிலும் நீக்கலாம். நீக்கிய குரலைத் திருப்பி வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஆகவே தொடாத பதிவு முதலில் உங்கள் கையில் வர வேண்டும். அதன் நகலில் யார் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும்.

அந்தத் தொடாத பதிவு, ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக இருக்க வேண்டும். எம்பி3 அலைபேசியில் கேட்க மட்டும். “வேவ் ரொம்ப இடம் பிடிக்கும் சார்” என்பார்கள். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில், ஒரு நிமிடத்துக்கு 10 எம்பிக்குச் சற்று அதிகம். 90 நிமிட கேசட் முழுவதும் ஒரு ஜிபிக்குள் அடங்கும். இன்றைக்கு இது ஒரு காரணமே இல்லை. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்வது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கடையில் இதையே கேளுங்கள். கூடுதல் உழைப்பு ஏதும் இல்லை.

சில கடைகளில் எம்பி3ஆகப் பதிந்துவிட்டு, கேட்டவருக்கு அதையே வேவ் ஆக்கிக் கொடுக்கிறார்கள். பெயர் மாறுமே தவிர, போனது வராது. ஆடாசிட்டியில், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்து பாருங்கள். நாடாவின் இரைச்சல் மேலே போகப் போக மெல்ல மங்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே நேர்க்கோடாக நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள்.

கொடுப்பதற்கு முன் கடையில் இரண்டு கேள்வி. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் அஜிமத், அதாவது நாடாவுக்கு எதிரே அது நிற்கும் கோணத்தைத் திருத்துகிறீர்களா? வேறு டெக்கில் பதிவான கேசட் மந்தமாகக் கேட்டால், ஹெட் பக்கத்தில் உள்ள திருகைச் சிறிது திருப்பினாலே குரல் திறந்துகொள்ளும். ரீமாஸ்டரில் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும். இந்தக் கேள்வி புரியாதவரிடம் கேசட்டைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, எத்தனை நாளாகும்? 90 நிமிட கேசட்டை ஒழுங்காக மாற்ற 90 நிமிடம் ஆகும். ஒரே டெக்கை வைத்துக்கொண்டு ஐம்பது கேசட்டை நாளை மாலை வாங்கிக்கொள்ளச் சொல்பவர் உங்கள் கேசட்டைக் கேட்கப் போவதில்லை.

ஒரு குழுவில் பார்த்து 3,500 ரூபாய்க்கு எல்பி வாங்கினேன். ‘புதுசு மாதிரி’ என்றார். ஜிபேயில் அனுப்பினேன். வந்த தட்டில் குறுக்கே கீறல். அட்டையின் படம் மட்டும்தான் முன்பு அனுப்பியிருந்தார். இப்போது என் எண்ணைத் தடுத்துவிட்டார்.
– பி.என்., கோவை

தட்டைப் பார்க்காமல் தட்டு வாங்கியிருக்கிறீர்கள். முகம் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் முன்பே அனுப்பியிருக்கிறீர்கள். இதே கடிதம் மாதாமாதம் வருகிறது, நானும் அதே பதிலைத் தருகிறேன்.

அவர் தொழிலாக விற்பவர் என்றால், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். புகார் கொடுங்கள். வீட்டிலிருந்த பொருளை ஒருமுறை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். ஏமாற்றும் நோக்கம் தெளிவாக இருந்தால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார். இனியாவது தட்டின் இரண்டு பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படமும், ஓடும் வீடியோவும் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருக்கிறது. ஓடவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஓடவிடாதீர்கள். பூஞ்சணம் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பாதிக்கப்பட்டவற்றைத் தனிப் பையில் பிரித்து வையுங்கள். முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டு ஈரத்தை இறக்கிய பிறகு, நாடாவை மெதுவாகச் சுற்றியபடி மென்துணியால் துடைத்து, புது கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். கை பழகியவர் செய்யும் வேலை இது. காத்திருந்தாலும் பரவாயில்லை, அப்படி ஒருவரைத் தேடுங்கள். வானொலிப் பதிவுகள் நிலையத்தில்கூட மிஞ்சாமல் போயிருக்கலாம். செலவு செய்யத் தகுந்தவை.

மாற்றிய பழைய தட்டுகளை யூடியூபில் போடலாமா?
– டி.எல்., புதுச்சேரி

சொந்தமாகக் கேட்க மாற்றுவது ஒன்று, ஊருக்கு வெளியிடுவது வேறு. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1950இல் வந்த தட்டு என்றால் அந்த உரிமை முடிந்துவிட்டது. ஆனால் பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு. அது அவர்கள் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

2006இல் எல்லா கேசட்டையும் சிடியில் ஏற்றினேன். இப்போது பாதி சிடி ஓடவில்லை.
– எஸ்.ஏ., வேலூர்

ஓடும் பாதியை இன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். வீட்டில் எழுதும் சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கும். ஓடாதவற்றை வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், சில திறக்கும். மூல கேசட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சிடியோடு போராட வேண்டாம், கேசட்டிலிருந்தே மறுபடி மாற்றிவிடலாம். எத்தனை இருக்கின்றன, என்ன கம்பெனி நாடா என்று எழுதி அனுப்புங்கள்.