பிள்ளைகள் ஏன் இரண்டாம் முறை வரவில்லை?

கேள்வி: நாங்கள் நான்கு வருடமாக டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, எண்ணியது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் மேசை விளையாட்டு இது. எல்லோருக்கும் முப்பதை ஒட்டிய வயது. ஆறு பேராக இருந்தோம். போன வருடம் இருவர் கனடாவுக்கும் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அழைத்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஒரு வெள்ளி இரவோடு சரி, பிறகு ஆளே இல்லை. ஃபோனை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் இருக்க இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பொறுமை இல்லாத பிள்ளைகளா? ஒரு கிழமை முழுக்கப் பாடசாலையும் டியூசனும் முடித்து, வெள்ளி இரவு ஏழரைக்கு முன்பின் தெரியாத பெரியவர்களின் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நீங்களே எழுதிய ஒரு விடயம் இருக்கிறது: நான்கு வருடக் கதையைச் சொல்லி, ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைகளையும் எழுதிய தாளை விளக்கி முடிக்க ஒன்பது மணி. அதுவரை அந்தப் பிள்ளைகளின் கையில் பகடை வரவே இல்லை. என்னை அப்படி உட்கார வைத்திருந்தால் நானும் ஃபோனைத்தான் எடுத்திருப்பேன்.

நீங்கள் தேடியது புதியவர்களை என்று எனக்குத் தோன்றவில்லை. போன மூன்று பேரின் கதிரையில் உட்கார ஆட்களைத் தேடியிருக்கிறீர்கள். அவர்களுடைய பாத்திரங்களையே பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறீர்கள், அவர்களுடைய பழைய பகிடிகளுக்குச் சிரிக்கவும் எதிர்பார்த்திருக்கிறீர்கள். நண்பர்கள் விமானம் ஏறிய வெறுமை எனக்கு விளங்குகிறது. கொழும்பில் அதை அறியாத வீடு குறைவு. ஆனால் அதை நிரப்பும் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. உங்கள் பழைய கதையை நீங்கள் மூவரும் தனியாகத் தொடருங்கள். பிள்ளைகளுக்கு வேறு மேசை, வேறு கதை. அதுவும் ஒரே இருப்பில், மூன்று மணித்தியாலத்துக்குள் முடிகிற கதை.

ஒரு போயா நாள் பகலில், பம்பலப்பிட்டியில் உறவினர் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினான்கு வயதுப் பையன், அன்றுதான் முதல் தடவை. குகை வாசலில் ஒரு பூதம் காவல் நிற்கிறது. மற்றவர்கள் வாளை உருவத் தயார். இவன் மெதுவாகக் கேட்டான்: “காவலுக்கு நிக்கிறவருக்கு இண்டைக்குச் சாப்பாடு குடுத்தவங்களா?” கதை நடத்திய அக்கா சிரிக்கவில்லை. இருபது முகப் பகடையை அவன் கையில் வைத்து, “கேட்டுப் பாருங்கோ தம்பி” என்றார். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி உருட்டினான். பதினேழு! தட்டில் இருந்த பட்டிஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இதைக் குடுக்கிறன்” என்றான். பூதம் வாசலை விட்டு விலகி உட்கார்ந்து சாப்பிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பத்தான் கஷ்டப்பட்டார்கள்.

அந்த அக்கா செய்தது சின்ன வேலைதான். ஐந்தாறு பாத்திரங்களை முதலே எழுதி வைத்திருந்தார், பிள்ளைகள் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். விதிகளைத் தேவை வந்த இடத்தில் மட்டும் சொன்னார். பத்தாவது நிமிடத்தில் பகடை உருண்டது. நீங்களும் அப்படித் தொடங்குங்கள். தமிழில் நடத்துங்கள். கதை ஐரோப்பிய மதுச்சாலையில்தான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஐந்துலாம்புச் சந்தியில் பூட்டிய கடை ஒன்றுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது என்று தொடங்குங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். செலவும் பெரிதில்லை. அடிப்படை விதிகளை 2023 இல், யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். பகடை கிடைக்காவிட்டால் ஒன்று முதல் இருபது வரை துண்டில் எழுதி ஒரு பைக்குள் போடுங்கள். 1979 இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது இந்த விளையாட்டை வெளியிட்ட கம்பனியே பெட்டிக்குள் இலக்கத் துண்டுகளை வைத்து விற்றது.

இனிப் பெற்றோர். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பிள்ளைக்கு அழைப்புப் போயிருக்கிறது, அம்மாவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு நேரம், மேல்மாடி அறை, முப்பது வயது ஆண்கள், நடுவில் பகடை. நம் வீடுகளில் பகடை என்றதும் தருமர் நாட்டைத் தோற்ற கதைதான் நினைவுக்கு வரும். 1974 இல் இந்த விளையாட்டு பிறந்த அமெரிக்காவிலேயே, எண்பதுகளில் இதைப் பேய் வழிபாடு என்று பயந்த பெற்றோர் இருந்தார்கள். நம் தாய்மாரின் பயம் அதைவிட நியாயமானது. அதனால் பகலில் வையுங்கள். வாசிகசாலை, சனசமூக நிலையம் மாதிரி நாலு பேர் வந்துபோகும் இடம் நல்லது. வீடு என்றால் கதவு திறந்தே இருக்கட்டும், பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால்தான் பெண் பிள்ளைகளை அனுப்புவார்கள். முதல் நாள் அம்மா, அப்பா யாராவது கூட இருந்து பார்க்கட்டும். ஒரு தேத்தண்ணி கொடுத்து, விரும்பினால் அவர்களையும் ஒரு தடவை உருட்டச் சொல்லுங்கள். இந்த ஒழுங்கெல்லாம் தொல்லை என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், அவர் பிள்ளைகளின் மேசைக்கு வரவே வேண்டாம்.

மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றையும் வையுங்கள். வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றில் இது வழக்கம். கதை பயமாகவோ அருவருப்பாகவோ போனால் யாரும் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சி அதோடு விடப்படும், ஏன் என்று கேட்கக் கூடாது. பெரியவர்கள் முன்னால் “வேண்டாம்” என்று வாயால் சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாம் பழக்கவில்லை, ஆகவே நமக்கு இது இன்னும் அவசியம்.

அப்புறம், கிழமைக்கு ஒரு தடவை என்று கேட்காதீர்கள். மாதம் ஒரு போயா போதும், அன்று பாடசாலையும் இல்லை. பரீட்சை நெருங்கினால் பிள்ளை கேட்க முன்னமே நீங்களே லீவு கொடுங்கள்.

அந்த மூன்று பேரின் வீட்டுக்கும் எடுத்துப் பேசுங்கள். முதலில் பெற்றோருடன், பிறகு பிள்ளைகளுடன். வரும்போது ஆளுக்கு ஒரு சிநேகிதரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். பெரியவர்கள் நடுவே தனியாக உட்கார்ந்த பிள்ளை வாய் திறக்காது, பக்கத்தில் தன் வகுப்புப் பிள்ளை இருந்தால் பூதத்தோடும் கதைக்கும்.